ஃபுல்பிரைட் ஆங்கிலக் கற்பித்தல் உதவித்தொகை: எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது?

எடிசன்வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். மகளுக்காகக் கேட்கிறேன். கேட்கச் சொல்லி அவள் சொல்லவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்தவள். வரும் கல்வியாண்டில் மொழியியலில் பட்டம் முடிக்கிறாள். அடுத்து வேலைக்கோ மேல்படிப்புக்கோ போகும் முன் ஓராண்டு வெளிநாட்டுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க வேண்டுமாம். அமெரிக்க அரசின் கல்விப் பரிமாற்றத் திட்டமான ஃபுல்பிரைட்டில் ஆங்கிலக் கற்பித்தல் உதவியாளர் என்ற பிரிவுக்கு விண்ணப்பிக்கிறாள். அக்டோபரில் கெடு முடிகிறது. ஒரு சுற்றில் ஒரே ஒரு நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கலாம் என்பதுதான் வீட்டில் சண்டைக்குக் காரணம்.

எனக்கு இந்தியா. என் அம்மா கும்பகோணத்தில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். பேத்தி ஓராண்டு பக்கத்தில் இருந்தால் இருவருக்கும் நல்லது. மனைவிக்கு ஜெர்மனி, பாதுகாப்பான ஊர் என்கிறாள். மகளோ தென்கொரியா, தைவான், மலேசியா என்று வாரத்துக்கு ஒரு நாட்டின் பெயரைச் சொல்கிறாள். போய்வந்தவர்களும் விவரம் தெரிந்தவர்களும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லுங்கள். நாங்கள் சைவம், அதையும் கணக்கில் கொள்ளவும்.

எண்ணித்துணிக:

முதலில் எண்களைப் பாருங்கள் சார். ஒவ்வொரு நாட்டிலும் கடந்த ஆண்டுகளில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று ஃபுல்பிரைட் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். இடம் அதிகம், விண்ணப்பம் குறைவு என்று எங்கே இருக்கிறதோ அங்கே போடச் சொல்லுங்கள். ஒரு கணினித் தாளில் வரிசைப்படுத்தினால் அரை மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். மற்றதெல்லாம் உணர்ச்சி.

பேனாமூடி:

அரை மணி நேரத்தில் தெரிவது முடிவாக இருக்காது தம்பி.

எங்கள் கல்லூரியில் இந்த விண்ணப்பங்களைப் படித்து நேர்காணல் நடத்தும் குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். விகிதத்தை மட்டும் பார்த்து நாடு தேர்ந்தெடுத்தவர்களை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். “ஏன் இந்த நாடு?” என்றால் பதில் மனப்பாடமாக வரும். “அங்கே எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பீர்கள்?” என்றால் முழிப்பார்கள்.

இன்னொன்று, அந்த எண்கள் காட்டுவது விண்ணப்பித்த கூட்டத்தின் வாய்ப்பை. உங்கள் மகளின் வாய்ப்பு வேறு. ஜெர்மனிக்கு விகிதம் நன்றாக இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அங்கே போட்டியிடுகிறவர்கள் கல்லூரியில் ஜெர்மன் மொழியை ஆண்டுக்கணக்கில் படித்தவர்கள், பலரும் அங்கே ஒரு பருவம் தங்கிவந்தவர்கள். ஜெர்மன் தெரியாமல் அந்த வரிசையில் போய் நின்றால் விகிதம் யாருக்கு உதவும்? ஸ்பெயினுக்கும் மொழி வேண்டும். தென்கொரியா, தைவான், மலேசியா மூன்றுக்கும் உள்ளூர் மொழி கட்டாயமில்லை. அதனாலேயே அங்கே எல்லோரும் வந்து மோதுகிறார்கள்.

எடிசன்வாசி ஐயா, மகளுக்கு ஜெர்மன் தெரியுமா?

எடிசன்வாசி:

தெரியாது. தமிழ் பேசுவாள், ஓரளவு படிப்பாள். பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்தாள், இப்போது கேட்டால் சிரிக்கிறாள்.

பேனாமூடி:

அப்படியானால் ஜெர்மனியும் ஸ்பெயினும் போய்விட்டன. உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

தேர்வு நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரி வழியாக விண்ணப்பித்தால் வளாகக் கெடு ஒன்று முன்கூட்டியே, பெரும்பாலும் செப்டம்பரில், வரும். அங்கே நேர்காணலும் உண்டு. அக்டோபரில் விண்ணப்பம் போன பிறகு அமெரிக்காவில் ஒரு குழு படித்து, ஜனவரி இறுதிவாக்கில் முதல் வடிகட்டலை அறிவிக்கும். அதில் தேறிய விண்ணப்பங்கள் அந்தந்த நாட்டிலுள்ள ஃபுல்பிரைட் ஆணையத்துக்கோ அமெரிக்கத் தூதரகத்துக்கோ போகும். சில நாடுகளில் அங்கிருந்தும் நேர்காணல் செய்வார்கள். முடிவு மார்ச்சுக்கு மேல், நாட்டுக்கு நாடு வேறு தேதியில் வரும்.

ஆகவே விண்ணப்பத்தை இரண்டு விதமான கண்கள் படிக்கின்றன. கடைசியில் படிப்பவர் அந்த ஊர்க்காரர். தன் நாட்டைப் பற்றிச் சுற்றுலாத் துண்டறிக்கையில் இருப்பதையே எழுதி அனுப்பினால் அவருக்குச் சலிப்புத்தான் வரும். “பழமையும் புதுமையும் கைகோக்கும் நாடு” என்ற வரியைத் தென்கொரியாவுக்கும் படித்திருக்கிறேன், மொராக்கோவுக்கும் படித்திருக்கிறேன். நோக்க அறிக்கைக்குக் கிடைப்பதே ஒரு பக்கம். அதில் நாட்டின் பெயரை அழித்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் நிற்கிற வாக்கியம் எதுவோ அதை வெட்டிவிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அரைப் பக்கம்தான் மிஞ்சும்.

கிளந்தான்மழை:

நான் மலேசியாவில் இருந்துவந்தவன் என்பதால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மலேசியா என்றதும் நம்மவர்கள் நினைப்பது ஒன்று, அங்கே கிடைப்பது வேறொன்று.

மலேசியாவில் இந்தத் திட்டம் 2006இல் திரங்கானுவில் சிறிதாகத் தொடங்கி, பிறகு பல மாநிலங்களுக்குப் பரவி, உச்சத்தில் ஆண்டுக்கு 100 பேர் வரை போனார்கள். பெரும்பாலும் இடைநிலைப் பள்ளிகள், பெரும்பாலும் சிற்றூர்கள். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு வாரக் கடைசியில் பத்துமலை போகலாம் என்று கனவு காண வேண்டாம். எந்த மாநிலம், எந்தப் பள்ளி என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். எனக்குக் கிடைத்தது கிளந்தான். அங்கே ஏறத்தாழ எல்லோரும் மலாய்க்காரர்கள். தமிழர் அதிகமாக இருப்பது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், கெடா, பினாங்கு பக்கம். என் பள்ளியில் தமிழ்ப் பிள்ளை ஒருவர்கூட இல்லை. “மலேசியாவென்றால் தமிழ்ச்சூழல் இருக்கும்” என்று எழுதி விண்ணப்பித்திருந்தால் அந்த வரி முதல் நாளே பொய்யாகியிருக்கும்.

கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலை ஏழரைக்குள் பள்ளியில் இருக்க வேண்டும். பெண் உதவியாளர்கள் பாஜு குரோங் என்ற மலாய் உடையைத் தைத்துக்கொண்டார்கள். கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அதை அணிந்து வந்த நாளிலிருந்து மற்ற ஆசிரியைகள் பேச்சுக் கொடுத்த விதமே மாறிவிட்டது என்று பக்கத்து ஊரில் இருந்த தோழி சொன்னாள்.

முதல் நாள் தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தபோது உள்ளே இருந்தவர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். அமெரிக்கர் பின்னால் வருகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். நான்தான் என்றதும் ஒருவர் மரியாதையாகவே கேட்டார்: “அசல் ஊர் எது?” ஓஹாயோ என்றேன். அவருக்கு அது விடையாகப் படவில்லை. இந்தக் கேள்வி ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருந்தது. பிறகு அதையே பாடமாக்கினேன். கரும்பலகையில் உலகப் படம் வரைந்து, திருச்சியிலிருந்து கிளீவ்லாண்டுக்கு என் பெற்றோர் போன கதையை எளிய ஆங்கிலத்தில் சொல்லி, அவரவர் குடும்பக் கதையை அதேபோல் எழுதச் சொன்னேன். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பையன் முதன்முறையாக வாய் திறந்து, தன் தாத்தா எல்லை தாண்டித் தாய்லாந்தின் பட்டானியிலிருந்து வந்தவர் என்றான். “Came” என்பதற்குப் பதில் “come” என்றுதான் சொன்னான். நான் திருத்தவில்லை.

மகளின் நிறம் பற்றிய பேச்சு வீட்டில் வந்ததா என்று தெரியவில்லை. ஆசியாவில் எந்த நாடானாலும் இது வரும். அவள் இதற்கு அழுவாளா, சிரிப்பாளா, பாடமாக்குவாளா என்பது அவளுக்குத்தான் தெரியும். நாடு தேர்ந்தெடுக்கும்போது எந்தக் கணினித் தாளிலும் இல்லாத விஷயம் இது.

நெறியாளர் கவனத்துக்கு: மேலே இரண்டு ஆங்கிலச் சொற்களை அப்படியே போட்டிருக்கிறேன், வேறு வழியில்லை.

நெறியாளர்:

இந்தக் களத்தில் தமிழ் எழுத்து மட்டும்தான். “கேம்”, “கம்” என்று மாற்றியதாக வாசித்துக்கொள்ளுங்கள். தொடரலாம்.

வேலணையான்:

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். தங்கையின் மகன் இங்கே கனடியக் குடிமகன், அவனும் இதற்கு விண்ணப்பிக்கலாமா? அவனுக்கு யாழ்ப்பாணத்தில் கற்பிக்க விருப்பம்.

பேனாமூடி:

முடியாது அண்ணை. இந்தப் பிரிவு அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். கிரீன் கார்டு வைத்திருந்தாலும் போதாது. கனடியர் என்றால் ஜப்பானியப் பள்ளிகளுக்கான ஜெட் திட்டம், தென்கொரிய அரசுப் பள்ளிகளுக்கான எபிக் திட்டம் இரண்டும் அவருக்குத் திறந்திருக்கின்றன. அவை உதவித்தொகை அல்ல, சம்பள வேலை.

இலங்கைக்கும் ஃபுல்பிரைட் உதவியாளர்களை அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் மலேசியாவைப் பற்றிச் சொன்னதேதான் அங்கும்: யாழ்ப்பாணம் வேண்டும் என்று கேட்டு வாங்க முடியாது.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்தியாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. மகளுக்கு இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருக்கிறது, விசா சிக்கல் இல்லை. தமிழ் தெரியும். இதைவிட வலுவான காரணம் என்ன வேண்டும்?

எண்ணித்துணிக:

ஓசிஐ பற்றி ஒன்று. அது இரட்டைக் குடியுரிமை அல்ல, இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆனால் அட்டை இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் நடையைக் கட்டிவிட முடியாது. 2021 மார்ச்சில் வந்த அறிவிக்கையின்படி ஆய்வு, இதழியல் போன்றவற்றுக்கு ஓசிஐ வைத்திருப்பவர்களும் தனி அனுமதி வாங்க வேண்டும். கற்பிக்கப் போகிறவருக்கு நிலை என்ன என்பதை இங்கே கேட்பதைவிட டெல்லியிலுள்ள அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அவர்கள்தான் இந்தியாவில் ஃபுல்பிரைட்-நேரு திட்டத்தை நடத்துகிறார்கள். அப்படியே இந்த ஆண்டு இந்தப் பிரிவு இந்தியாவுக்கு இருக்கிறதா, எத்தனை இடம் என்பதையும் பார்த்துவிடுங்கள். இதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

கிளந்தான்மழை:

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழ் தெரியும் என்பது இந்தியாவுக்குக் காரணம் ஆகாது. பணியிடம் கொல்கத்தாவாக இருந்தால் அந்தத் தமிழை வைத்து என்ன செய்வாள்? கும்பகோணத்துக்கு இரண்டு நாள் ரயில். பாட்டி காத்திருப்பார், பேத்தி பொங்கலுக்கு வந்துபோவாள். நியூஜெர்சியிலிருந்து விமானத்தில் வருவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

படிப்பவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். இந்திய வம்சாவளிப் பிள்ளை இந்தியாவுக்கு விண்ணப்பித்தால் “வேர்களைத் தேடி” என்ற கட்டுரை வரும் என்று அவர்கள் முன்கூட்டியே எதிர்பார்ப்பார்கள். வேரைத் தேடுவது நல்ல காரியம்தான், ஆனால் அதற்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கில வகுப்பு எதற்கு? அந்தப் பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள்.

மதுரைக்காரி:

இந்தச் சண்டைக்கு ஒரு சமாதானம் சொல்லவா? பாட்டியும் தமிழும்தான் முக்கியம் என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது. அமெரிக்க இந்தியவியல் ஆய்வு நிறுவனம் எங்கள் மதுரையில் அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிறது. கோடைக்காலப் படிப்பும் உண்டு, கல்வியாண்டுப் படிப்பும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். காலையில் காய்கறி வண்டிக்காரரிடம் “கத்தரிக்காய் என்ன விலை கொடுக்கின்றீர்கள்?” என்று பாடப்புத்தகத் தமிழில் பேரம் பேசுவாள். ஊர் திரும்பும்போது அவரையே மிஞ்சிவிட்டாள். மதுரையிலிருந்து கும்பகோணம் ஒரு பகல் பயணம், ஒவ்வொரு வாரமும் போகலாம். மொழியியல் படித்த பெண்ணுக்கு இது பொருந்தும்.

எடிசன்வாசி:

இது எனக்குத் தெரியாது. மகளுக்கு அனுப்பினேன். “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அப்பா” என்று பதில் வந்தது.

வடக்குச்சாளரம்:

நடுவில் ஒரு கசப்பான விஷயம். எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அரசியல் வந்து கலைத்துவிடலாம் என்பதை மனத்தில் வையுங்கள். 2020 ஜூலையில் அமெரிக்க அதிபரின் ஒரே நிர்வாக ஆணையில் சீனா, ஹாங்காங் இரண்டுக்கும் ஃபுல்பிரைட் முடிந்துபோனது. சீனமொழி படித்து அங்கே போகக் காத்திருந்தவர்களில் பலர் தைவான் பக்கம் திரும்பியிருப்பார்கள், அங்கே போட்டி கூடியிருக்கும். 2025இல் உதவித்தொகைப் பணமே சில வாரங்கள் முடங்கியது. அந்த ஜூனில் தேர்வுகளில் அரசியல் தலையீடு என்று சொல்லி ஃபுல்பிரைட் வாரிய உறுப்பினர்களில் ஏறத்தாழ அனைவரும் பதவி விலகினார்கள்.

ஆகவே மாற்று ஏற்பாடு இல்லாமல் இருக்க வேண்டாம். ஜப்பானின் ஜெட் இருக்கிறது. ஸ்பெயின் அரசின் மொழி உதவியாளர் திட்டமும் பிரான்சின் திட்டமும் இருக்கின்றன. பிரான்சுக்குப் பிரெஞ்சு தெரிய வேண்டும். இவற்றுக்கு ஃபுல்பிரைட்டோடு சேர்த்தே விண்ணப்பிக்கலாம், ஒரு நாடுதான் என்ற விதி ஃபுல்பிரைட்டுக்குள் மட்டும்தான்.

சிஞ்சூசெல்வி:

தைவானில் வசிக்கிறேன், கணவர் இங்கே ஆய்வு மாணவர். சைவம் என்று கேட்டிருந்தீர்களே, அதற்காகவே உள்ளே வந்தேன்.

தைவானில் சைவம் பெரிய சிக்கலே இல்லை. பௌத்தர்களால் தெருவுக்கு ஒரு சைவக் கடை இருக்கிறது. தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதை நிரப்பி எடை போட்டுப் பணம் கொடுக்கலாம். அவர்களுடைய கண்டிப்பான சைவத்தில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. என் மாமியார் வந்திருந்தபோது நம்மூரைவிட ஆசாரம் என்று சான்றிதழே கொடுத்துவிட்டார். மதிய உணவு பள்ளியிலேயே எல்லோருக்கும் வகுப்பறையில் பரிமாறுவார்கள், அங்கே மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

தென்கொரியாவில் இருந்த தோழி சொன்னது வேறு. அங்கே உதவியாளர்களை முதலில் ஆறு வாரம் பயிற்சியில் வைத்துக் கொரிய மொழி கற்றுக்கொடுத்து, பிறகு ஒரு குடும்பத்தோடு தங்க வைக்கிற வழக்கம் அவள் காலத்தில் இருந்தது. மொழி கற்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வீட்டுக்காரம்மா ஆசையாகப் போட்டுத் தரும் கிம்ச்சி என்ற காய்கறி ஊறுகாயிலேயே பெரும்பாலும் இறால் உப்போ மீன் சாறோ இருக்கும். ஒவ்வொரு வேளையும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு ஓராண்டு ஒரு வீட்டில் இருப்பது எளிதல்ல.

தைவானில் உதவியாளர்கள் பெரும்பாலும் தொடக்கப்பள்ளியிலும் அதற்கு அடுத்த நிலையிலும் இருக்கிறார்கள். ஓர் உள்ளூர் ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பெடுக்க வேண்டும். யீலான் மாவட்டத்தில் இந்தத் திட்டம் 2003 வாக்கில் தொடங்கியது, இப்போது சீனக் கரைக்கு எதிரே இருக்கும் கின்மென் தீவு வரை அனுப்புகிறார்கள். 2030க்குள் இருமொழி நாடாவது என்று அரசாங்கம் கொள்கை வகுத்ததால் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கு ஆள் தேவை. அந்தக் கொள்கையைத் திட்டும் ஆசிரியர்களும் நிறைய.

பேனாமூடி:

செல்வி அம்மா சொன்னதில் உள்ள ஒரு சொல்லைத்தான் நான் இவ்வளவு நேரமாகத் தேடிக்கொண்டிருந்தேன்: தொடக்கப்பள்ளி.

எடிசன்வாசி ஐயா, மகள் இதுவரை யாருக்காவது ஏதாவது கற்பித்திருக்கிறாளா? எந்த வயதுப் பிள்ளைகளுக்கு?

எடிசன்வாசி:

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் உயர்நிலைப் பள்ளிக் காலத்திலிருந்து மழலை வகுப்புக்கு உதவி ஆசிரியை. ஞாயிறுதோறும். கல்லூரியிலும் அகதிக் குடும்பப் பிள்ளைகளுக்கு மாலையில் வாசிப்பு சொல்லிக்கொடுக்கிறாள், எல்லாம் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள். காலுறையில் பொத்தான் தைத்துப் பொம்மை செய்து அதைப் பேச வைப்பாள். அதற்குப் பெயர் இட்லியம்மா. நான் இதையெல்லாம் கற்பித்தலாக நினைக்கவே இல்லை.

பேனாமூடி:

தேர்வுக்குழு அதைத்தான் கற்பித்தல் என்று நினைக்கும்.

இப்போது நாட்டைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு பழகிய கை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்தவள். தைவானிலும் பல பிள்ளைகளுக்குத் தாய் வியட்நாம்காரி அல்லது இந்தோனேசியாக்காரி, தாத்தா பாட்டி பேசுவது தைவானிய மொழி, பள்ளியில் மாண்டரின், அதற்கு மேல் ஆங்கிலம். மொழியியல் மாணவிக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கிறது. நான் தைவான்தான் என்று சொல்லவில்லை. கிளந்தான்மழை தம்பியைப் போலப் பதினாறு வயதுப் பையன்களைச் சமாளிக்க அவளுக்கு ஆசையிருந்தால் மலேசியாவும் சரிதான்.

ஒரு வேலை கொடுங்கள். இரண்டு நாட்டுக்கும் “ஏன் இங்கே” பத்தியை மட்டும் எழுதட்டும். இணையத்தில் தேடாமல், தனக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து எழுதட்டும். எது சொந்தச் சரக்கில் ஓடுகிறது, எது இரண்டு வரியில் நின்றுபோகிறது என்று அவளே பார்த்துக்கொள்வாள். நீங்கள் படிக்க வேண்டாம்.

எண்ணித்துணிக:

விகிதத்தையும் ஒரு கண் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பத்தியும் நன்றாக வந்துவிட்டால் அப்போது பயன்படும்.

பேனாமூடி:

அதற்குச் சம்மதம்.

எடிசன்வாசி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தைவான் என்று முடிவு செய்திருக்கிறாள். மலேசியாப் பத்தி உணவிலேயே தொடங்கி உணவிலேயே முடிந்துவிட்டதாம். தைவான் பத்தியில் இட்லியம்மா இருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள், காட்டவில்லை. மதுரைக் கோடைப் படிப்புக்கும் தனியாக விண்ணப்பிக்கிறாள்.

எனக்கு நான் சொன்ன நாடு இல்லையே என்று கொஞ்சம் வருத்தம்தான். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “தைவான் எங்கே இருக்கிறது?” என்று கேட்டவர், அடுத்த நொடியே “அங்கே புழுங்கலரிசி கிடைக்குமா?” என்றார். செல்வி அம்மா, அதற்கும் பதில் சொன்னால் நல்லது.

மூன்று பரிந்துரைகள் வேண்டுமாம். துறைத்தலைவர் பெரிய பேராசிரியர், அவரிடம் கேட்கச் சொன்னேன். சரிதானே?

சிஞ்சூசெல்வி:

இந்தியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும், விலை அதிகம். நாங்கள் ஊரிலிருந்து வருபவர்களின் பெட்டியில் வரவழைக்கிறோம்.

பேனாமூடி:

துறைத்தலைவர் அவள் வகுப்பெடுத்து ஒரு நாளாவது பார்த்திருக்கிறாரா? இல்லையென்றால் வேண்டாம். மாலை வாசிப்பு வகுப்பை நடத்துகிறவர் ஒருவர் இருப்பார் அல்லவா, அவரிடம் முதலில் கேட்கட்டும். அடுத்து, அவளைச் சிறிய வகுப்பில் வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியர் யாராவது. தமிழ்ப்பள்ளியின் முதல்வர் மூன்றாவதாக இருக்கலாம், உறவினராக இல்லாத பட்சத்தில். மூவரிடமும் ஆகஸ்டுக்குள் கேட்டுவிட வேண்டும், வளாகக் கெடு நெருங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுவார்கள்.

எடிசன்வாசி:

தமிழ்ப்பள்ளி முதல்வர் என் மைத்துனர்.

பேனாமூடி:

அப்படியானால் வேறு ஆள் பாருங்கள்.